'தண்ணி ஒத்துக்கல' என்று சொல்லும் முன்: மே மாதம் பிள்ளையோடு ஊருக்குக் கிளம்பும் தாராவி அம்மாமாருக்கு

ஏப்ரல் கடைசி வாரம் வந்துவிட்டால் எங்கள் பால்வாடியின் வருகைப் பதிவேடு பாதி காலியாகிவிடும். ராத்திரி மும்பை வி.டி. ஸ்டேஷனில் நாகர்கோவில் வண்டி ஏறி, இரண்டு ராத்திரி தூங்கி எழுந்தால் திருநெல்வேலி. ஜூன் நடுவில் திரும்பி வருகிற பிள்ளைகளை ஒவ்வொன்றாக எடை போடுவேன். கன்னம் உப்பி, வெயிலில் கறுத்து, சிரித்துக்கொண்டு வருகிற பிள்ளைகள் நிறைய. ஒரு கிலோ குறைந்து, தொடைச் சதை வற்றித் தோல் தொங்க வருகிற பிள்ளைகளும் வருஷம் தவறாமல் இரண்டு மூன்று உண்டு. என்ன ஆச்சு என்று கேட்டால் எல்லா அம்மாமாரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். "ஊர்த் தண்ணி ஒத்துக்கல டீச்சர். ஒரு வாரமா வயித்தால போச்சு."

இங்கே தாராவியில் குழாய் சாக்கடைக்குள் ஓடுவது நம் கண்ணுக்குத் தெரிகிறது. அதனால் பிள்ளைக்கு மட்டுமாவது தண்ணீரைக் காய்ச்சிக் கொடுக்கிறோம். ஊருக்குப் போனதும் அந்தக் கவனம் விட்டுப்போகிறது. பிறந்த மண், நம் கிணறு, நாம் குடித்து வளர்ந்த தண்ணி என்ற நம்பிக்கை. நானும் அப்படி நம்பித்தான் 1998 மே மாதம் என் மூத்தவனை இடுப்பில் வைத்துக்கொண்டு போனேன். அவனுக்குப் பதினோரு மாதம். ராதாபுரம் பக்கம் எங்கள் ஊர்.

போன ஐந்தாம் நாள் பேதி தொடங்கியது. "பல்லு முளைக்குல்லா, அதான்" என்றார் மாமியார். மறுநாள் "வயித்தைக் காயப்போடு" என்றார். நான் பால் கொடுப்பதைக்கூடக் குறைத்தேன். பக்கத்து டவுன் மருந்துக்கடையில் பேதியைக் கட்டும் மருந்து என்று ஒன்று கொடுத்தார்கள். கொடுத்ததும் நின்ற மாதிரி இருந்தது. ஆனால் வயிறு உப்பியது, பிள்ளை துவண்டான். அழுதான், கண்ணீர் வரவில்லை. உச்சிக்குழி பள்ளமாக இறங்கியிருந்தது. ஆச்சி "உச்சி விழுந்துட்டு" என்று விளக்கெண்ணெய் வைத்தார். மூன்றாம் நாள் காலை முதல் பஸ்ஸில் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அங்கே ஒரு நர்ஸம்மா அவன் வயிற்றுத் தோலைத் தொப்புளுக்குப் பக்கவாட்டில் இரண்டு விரலால் கிள்ளித் தூக்கி விட்டார். அந்தத் தோல் சேலைக் கொசுவம் மாதிரி மடிப்பாக அப்படியே நின்றது. மெதுவாக, ரொம்ப மெதுவாக இறங்கியது. "பேதி பிள்ளையைக் கொல்லாதும்மா, தண்ணி வத்தித்தான் சாவும்" என்றார் அவர். டிரிப் ஏற்றிப் பிழைக்கவைத்தார்கள். அந்த மடிப்பு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. நான் பால்வாடி வேலைக்கு வந்ததற்கும், இதை எழுதுவதற்கும் அதுதான் காரணம்.

கிளம்பும் முன் பையில் வைக்கவேண்டியவை

ஓ.ஆர்.எஸ். பொடி (பேதியில் வற்றும் தண்ணியையும் உப்பையும் ஈடுகட்டத் தண்ணியில் கலந்து கொடுக்கும் உப்பு-சர்க்கரைப் பொடி), ஒரு பிள்ளைக்கு ஆறு பாக்கெட். நகராட்சி மருந்தகத்தில் (தவாகானா) இலவசமாகக் கிடைக்கும், கடையிலும் விலை அதிகமில்லை. வாங்கும்போது பாக்கெட்டின் பின்புறத்தைப் படியுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் முறைப்படி தயாரித்ததாக இருக்கவேண்டும். 1 லிட்டருக்குச் சாப்பாட்டு உப்பு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சிட்ரேட் 2.9 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம். இந்த நான்கு எண்ணும் இருந்தால் எந்தக் கம்பெனியானாலும் சரி. மருந்துக்கடையில் பழ ருசியில் அட்டை டப்பாவில் விற்கும் இனிப்புப் பானங்களை வாங்காதீர்கள். அவற்றில் சர்க்கரை மிக அதிகம், உப்பு போதாது. குடித்தால் பேதி கூடும். பல வருஷம் இவை ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்தைப் பெயரில் போட்டே விற்பனையாயின. ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டு போராடியபின், 2025 அக்டோபரில்தான் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்த எழுத்தைப் பானங்களின் பெயரில் போடக்கூடாது என்று உத்தரவிட்டது. அந்த அம்மாவுக்கு நான் மனதார நன்றி சொல்கிறேன்.

அடுத்தது துத்தநாக மாத்திரை. ஜிங்க் என்று கேட்டாலே கொடுப்பார்கள். 20 மில்லிகிராம், ஒரு பிள்ளைக்குப் பதினாலு மாத்திரை. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்று. குளியல் சோப்பு இரண்டு. கூடவே தடுப்பூசி அட்டை. ஆறு, பத்து, பதினாலு வாரங்களில் வாயில் கொடுக்கும் ரோட்டா சொட்டு மருந்து விழுந்திருக்கிறதா என்று அட்டையில் பாருங்கள். சின்னப் பிள்ளைகளைக் கடுமையாகத் தாக்கும் பேதிக்கு ரோட்டா வைரஸ் பெரிய காரணம். 2016இல் நான்கு மாநிலங்களில் தொடங்கி, 2019க்குள் நாடு முழுக்க இந்த மருந்து இலவசமாக வந்துவிட்டது. விடுபட்டிருந்தால், பிள்ளைக்கு ஒரு வயது ஆகுமுன் போய்க் கேளுங்கள். ஒன்பதாம் மாத ஊசியும் முக்கியம். நம் ஊரில் மணல்வாரி என்கிறோமே, அந்தத் தட்டம்மை வந்து போனால் பிள்ளைக்கு உடம்பில் எதிர்ப்பு குறைந்து பேதி விடாமல் பிடித்துக்கொள்ளும்.

இன்னொரு சின்ன வேலை. வீட்டு டம்ளர் ஒன்றை எடுத்து அந்த ஒரு லிட்டர் பாட்டில் தண்ணீரால் அளந்து பாருங்கள். என் டம்ளரில் சரியாக ஐந்து முறை நிறைகிறது, அதாவது ஒரு டம்ளர் 200 மில்லி. பாதி உயரத்தில் வெளிப்பக்கம் நகப்பாலிஷால் ஒரு கோடு போட்டிருக்கிறேன். அந்தக் கோடு 100. அந்த டம்ளரையும் பையில் போடுங்கள்.

ஊர் வீட்டில் எங்கே பார்ப்பது

முதல் நாளே தண்ணீர் வரும் வழியைப் பாருங்கள். எங்கள் ஊரில் கூட்டுக் குடிநீர்க் குழாய் தினமும் வராது. வந்தாலும் வேகம் இருக்காது. அதனால் தெருக்குழாயைச் சுற்றிக் குழி தோண்டி, குழாயைத் தரைக்குக் கீழே வெட்டி, குடத்தைக் குழிக்குள் இறக்கிப் பிடிப்பார்கள். அந்தக் குழியில் குடம் கழுவிய தண்ணி, நாய் நக்கிய தண்ணி, சாக்கடைத் தண்ணி எல்லாம் தேங்கும். குழாய் நின்றதும் உள்ளே இழுக்கும் காற்றோடு குழித் தண்ணியும் சேர்ந்து உள்ளே போகும். மறுபடி தண்ணி திறந்துவிடும்போது முதலில் வருவது அதுதான். முதல் இரண்டு குடத்தைத் துணி துவைக்க வையுங்கள். பிள்ளை குடிக்கிற தண்ணி எந்தக் குழாயில் வந்தாலும், எவ்வளவு தெளிவாக இருந்தாலும், தளதளவென்று கொதித்தபின் ஒரு நிமிடம் அடுப்பில் இருக்கட்டும். ஆறியதும் காய்ச்சிய பாத்திரத்திலேயே மூடிவையுங்கள்.

அடுத்தது பானை. காய்ச்சிய தண்ணியைப் பானையில் ஊற்றிவைத்தாலும், வருகிற போகிற எல்லாரும் டம்ளரை விரலோடு முக்கி எடுத்தால் காய்ச்சியது வீண். ஆச்சி கோபப்படுவார் என்று பேசாமல் இருக்காதீர்கள். நீளக் காம்புள்ள சிரட்டை அகப்பை ஒன்று வாங்கிக் கொண்டுபோய், "ஆச்சி, இது உங்களுக்குன்னே வாங்கிட்டு வந்தேன், குனியாம மொண்டு குடிக்கலாம்" என்று கொடுங்கள். என் மாமியாரிடம் நான் அப்படித்தான் ஜெயித்தேன். குழாய் வைத்த எவர்சில்வர் டிரம் வாங்க வசதி இருந்தால் இன்னும் நல்லது.

முக்கியமான ஒன்றை ஊரில் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பிள்ளையின் ஆய். பெரியவர்கள் இப்போது கக்கூஸுக்குப் போகிறார்கள். ஊர் ஊராகக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். ஆனால் பால்குடிப் பிள்ளையின் ஆய் அசிங்கமில்லை என்ற எண்ணம் அப்படியே இருக்கிறது. முற்றத்தில் அம்மா காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு பாதத்துக்கு நடுவே பிள்ளையை உட்காரவைப்பாள். முடிந்ததும் பேப்பரால் வழித்து வேலியோரம் எறிவாள். கோழி அதைக் கிளறும். ஈ அதில் உட்கார்ந்து எழுந்து மாம்பழத் தோலுக்குப் போகும், அங்கிருந்து சோற்றுக்கு வரும். அந்த முற்றத்தில்தான் தவழுகிற பிள்ளை ஆட்டுப் புழுக்கையையும் கோழி எச்சத்தையும் கையால் எடுத்து வாயில் வைக்கும். உண்மையில் சின்னப் பிள்ளையின் ஆயில் பெரியவர்களுடையதைவிட நோய்க்கிருமி அதிகமாகவே இருக்கக்கூடும். அதையும் கக்கூஸில் போட்டுத் தண்ணி ஊற்றுங்கள். கக்கூஸ் இல்லாவிட்டால் மண்ணைத் தோண்டிப் புதையுங்கள். கழுவிவிட்ட உங்கள் கைக்குச் சோப்பு போடுங்கள். தவழும் பிள்ளைக்குப் பாய் விரித்து, கோழி ஏறாதபடி ஒரு இடம் ஒதுக்குங்கள்.

கை விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் அதிகம். எங்கள் பக்கம் பீடி சுற்றும் வீடுகள் நிறைய. முறத்தை மடியில் வைத்து சுற்றிக்கொண்டே இருக்கும்போது பிள்ளை அழும். புகையிலைக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு அப்படியே ஊட்டுவார்கள். துடைத்த கை சுத்தமான கை இல்லை. தண்ணி மட்டும் ஊற்றியதும் போதாது. ஊட்டும் முன், சமைக்கும் முன், கக்கூஸ் போய் வந்தபின், பிள்ளைக்குக் கழுவிவிட்டபின் என நான்கு வேளை சோப்பு. வாசல் தொட்டியோரம் சோப்பைச் சிரட்டையில் போட்டுக் கண்ணெதிரே வைத்தால் கை தானாகப் போகும். பெட்டிக்குள் பத்திரமாக இருக்கும் சோப்பை யாரும் எடுக்கமாட்டார்கள்.

சாப்பாட்டில் ஒரு விஷயம். அம்மா வேலைக்குப் போனால் காலையில் பிசைந்த பருப்புச் சாதத்தைத்தான் ஆச்சி மதியமும் சாயங்காலமும் ஊட்டுவார். மே மாத வெயிலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்த சாதத்தில் கிருமி பெருகிவிடும். வேளைக்கு வேளை கொஞ்சமாக ஆக்குங்கள். முடியாவிட்டால் ஆவி பறக்கச் சூடாக்கி, ஆறவைத்து ஊட்டுங்கள். பால் புட்டியைத் தொடவே வேண்டாம். ரப்பரின் உள்மடிப்பை எந்தப் பிரஷும் சுத்தமாக்காது. பால் புகட்டும் பாலாடையும் ஸ்பூனும் போதும், அவற்றைக் கொதிநீரில் போட்டு எடுங்கள்.

ஆறு மாதம் முடியாத பிள்ளைக்குத் தாய்ப்பால் மட்டும்தான், வெயில் காலத்திலும் ஒரு சொட்டுத் தண்ணிகூட வேண்டாம் (பேதி வந்தால் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ்., துத்தநாகம் மட்டும் விதிவிலக்கு). சர்க்கரைத் தண்ணி, தேன், கழுதைப்பால் என்று நாக்கில் தடவ வருகிறவர்களைக் கும்பிட்டு அனுப்புங்கள். ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயதுவரைதான் ரொம்பக் கவனம் வேண்டிய காலம். அப்போதுதான் புதுச் சாப்பாடு தொடங்குகிறது, தவழ்கிறது, கண்டதை வாயில் வைக்கிறது. ஏற்கனவே எடை குறைந்த பிள்ளையென்றால் பேதி சீக்கிரம் வரும், வந்தால் சீக்கிரத்தில் போகாது. பேதியால் எடை இன்னும் இறங்கும். எங்கள் எடை மிஷினில் நான் பார்க்கிற ஒரு கிலோ அதுதான்.

தொடங்கிவிட்டால்

வழக்கத்தைவிடத் தண்ணியாக, ஒரு நாளில் மூன்று முறையோ அதற்கு மேலோ போனால் அது பேதி. ஆனால் மூன்றாவது முறைவரை காத்திருக்காதீர்கள். முதல் முறை தண்ணியாகப் போனதுமே ஓ.ஆர்.எஸ். கலக்குங்கள்.

கலக்குவதில்தான் நான் அதிகம் தவறு பார்த்திருக்கிறேன். எங்கள் சந்தில் ஒரு பெண், பாக்கெட் முழுதையும் ஒரே டம்ளரில் கொட்டி, "கெட்டியா இருந்தா சீக்கிரம் கேக்கும்ல டீச்சர்" என்று ஸ்பூனோடு நின்றாள். அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். பெரிய பாக்கெட்டை ஒரு டம்ளரில் கலந்தால் உப்பு ஐந்து மடங்காகிவிடும். அது பிள்ளைக்கு விஷம், வலிப்புகூட வரலாம். பெரிய பாக்கெட் முழுக்க 1 லிட்டருக்கு. 200 மில்லிக்கென்று சின்னப் பாக்கெட்டும் வருகிறது, அதன் மேல் எழுதியிருப்பதைப் பாருங்கள். காய்ச்சி ஆறிய தண்ணியை பாட்டிலில் நிறைய அளந்து, கழுவிய பாத்திரத்தில் ஊற்றி, பொடி முழுதையும் போட்டுக் கலக்குங்கள். பாதிப் பாக்கெட்டை மடித்து வைக்கிற வேலை வேண்டாம். கலந்தபின் சூடாக்கக் கூடாது. சர்க்கரை, பால், ஜூஸ் எதையும் சேர்க்கக் கூடாது. மூடிவையுங்கள். இருபத்துநாலு மணி நேரம் ஆனால் மிச்சத்தைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள்.

பாக்கெட் கைவசம் இல்லாத ராத்திரியில், ஒரு லிட்டர் தண்ணிக்குச் சர்க்கரை ஆறு டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், இரண்டும் தலைதட்டி. நீங்கள் நக்கிப் பாருங்கள். கண்ணீர் அளவுக்குத்தான் உப்பு இருக்கவேண்டும். அதைவிடக் கரித்தால் கொட்டிவிடுங்கள். ஆறு மாதம் முடிந்த பிள்ளைக்கு உப்புப் போட்ட அரிசிக் கஞ்சித் தண்ணி, நீர்மோர், இளநீர் எல்லாம் கொடுக்கலாம். டீ, கலர், கோலா கூடாது.

ஒவ்வொரு முறை போனபின்னும், இரண்டு வயதுக்குக் கீழே 50 முதல் 100 மில்லி, அதாவது நகப்பாலிஷ் கோடு வரை. இரண்டு வயதுக்கு மேல் 100 முதல் 200. டம்ளரை வாயில் வைத்துக் கவிழ்க்காதீர்கள், ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாகத் தொடங்குங்கள். வாந்தி எடுத்தாலும் கொஞ்சம் உள்ளே தங்கும்.

இந்தத் தண்ணியின் வலிமையில் சந்தேகம் வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 1971இல் வங்கதேசப் போர் அகதிகள் மேற்கு வங்க எல்லையில் பங்கான் முகாமில் காலராவால் செத்துக்கொண்டிருந்தார்கள். டிரிப் பாட்டில் தீர்ந்துபோனது. அங்கிருந்த டாக்டர் திலீப் மகலனபிஸ் உப்பும் குளுக்கோஸும் சமையல் சோடாவும் கலந்த தண்ணியைப் பீப்பாய்களில் வைத்து, உடன் வந்த உறவினர்களையே குடிக்கக் கொடுக்கச் சொன்னார். நூற்றுக்கு முப்பது வரை இருந்த சாவு நாலுக்கும் கீழே இறங்கியது. கொடுத்தவர்கள் நம்மைப் போன்ற அம்மாமார், அக்காமார்தான். இன்றும் உலகத்தில் வருஷத்துக்கு 4 லட்சத்துக்கும் மேல் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பேதியால் சாகிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு நெஞ்சு பதறுகிறது. மருந்து இல்லாத நோய் இல்லை இது.

துத்தநாக மாத்திரையையும் அன்றே தொடங்குங்கள். ஆறு மாதத்துக்கு மேல் தினமும் ஒன்று. இரண்டு முதல் ஆறு மாதம்வரை அரை. ஸ்பூனில் தாய்ப்பாலோ தண்ணியோ விட்டுப் போட்டால் தானே கரையும். பேதி மூன்றாம் நாள் நின்றாலும் பதினாலு நாளும் கொடுக்கவேண்டும். குடல் ஆறுவதற்கும், அடுத்த இரண்டு மூன்று மாதம் மறுபடி வராமலிருக்கவும் அது உதவும்.

வயிற்றைக் காயப்போடாதீர்கள். தாய்ப்பால் கேட்கிற போதெல்லாம், இன்னும் அதிகமாகவே கொடுங்கள். இட்லி, குழைந்த சாதம் பருப்பு, தயிர்ச்சாதம், மசித்த வாழைப்பழம் என்று கொஞ்சம் கொஞ்சமாக. பெரியவர்கள் சண்டைக்கு வந்தால், "கஞ்சிதான் அத்தை குடுக்கேன்" என்று சொல்லிக் குழைந்த சாதத்தை ஊட்டுங்கள். மாந்தம் என்று திருநீறு போடட்டும், மந்திரிக்கட்டும். அது நடக்கும்போதும் மடியில் டம்ளரும் ஸ்பூனும் இருக்கட்டும். தொக்கம், அதாவது உள்ளே சிக்கியதை எடுக்கிறேன் என்று தொண்டைக்குள் விரல் விட மட்டும் விடாதீர்கள். கட்டுகிற மருந்தும் வேண்டாம். போன தடவை மிச்சமிருந்த ஆன்டிபயாட்டிக் சிரப்பும் வேண்டாம்.

எப்போது ஓடவேண்டும்

ஊர் போய் இறங்கிய அன்றே மூன்று விஷயம் கேட்டுவையுங்கள். ஆரம்ப சுகாதார நிலையம் எந்த ஊரில், கடைசி பஸ் எத்தனை மணிக்கு, கிராமத்து நர்ஸம்மா நம்பர் என்ன. 108 எல்லாருக்கும் தெரியும்.

பிள்ளை துவண்டு கிடந்தாலோ, எழுப்பினால் கண் திறக்காவிட்டாலோ, குடிக்க முடியாவிட்டாலோ, கிள்ளிய தோல் இரண்டு எண்ணுவதற்குள் படியாவிட்டாலோ அந்த நிமிடமே 108. வழியிலும் குடிக்க முடிந்தால் ஸ்பூனை நிறுத்தாதீர்கள். கண் குழிந்து, சிடுசிடுவென்று அழுது, டம்ளரைப் பறித்துப் பறித்துக் குடித்தாலும் வீட்டில் வைத்திருக்காதீர்கள். சுகாதார நிலையத்தில் நாலு மணி நேரம் உட்காரவைத்து எடைக்கு ஏற்ப ஓ.ஆர்.எஸ். கொடுக்கச் சொல்வார்கள், 8 கிலோ பிள்ளைக்கு 600 மில்லி போல. "ஊசியே போடல" என்று கோபித்துக்கொண்டு பாதியில் எழுந்து வராதீர்கள், அதுதான் சரியான வைத்தியம். ஆயோடு ரத்தம், விடாத வாந்தி, காய்ச்சல், ஆறு மணி நேரமாக ஒன்றுக்குப் போகாமல் இருப்பது, மூன்று நாளாகியும் குறையாமல் இருப்பது எல்லாவற்றுக்கும் டாக்டர் பார்க்கவேண்டும். இரண்டு மாதம் முடியாத பிள்ளையென்றால் எதற்கும் காத்திருக்காமல் உடனே.

நின்றபின் இரண்டு வாரம் தினமும் ஒரு வேளை கூடுதலாகச் சாப்பாடு கொடுங்கள், இறங்கிய எடை ஏறும். திரும்பி வரும் ரயிலில் துத்தநாக மாத்திரை மிச்சமிருந்தால் மேல் பெட்டியில் போடாமல் கைப்பையில் வையுங்கள். இறங்கிய மறுநாள் பிள்ளையை என்னிடம் எடைக்குத் தூக்கி வாருங்கள்.